ஒருத்தருக்குத்தான் லீவு

மேலே எறிந்த கோல் இன்னும் கீழே வரவில்லை, வெள்ளிப்பூண் போட்ட அதன் தலை வெயிலில் ஒருமுறை மின்னிப் புரண்டு மறுபடி மின்னுகிறது, எறிந்தவன் அண்ணாந்துகூடப் பார்க்காமல் மார்பை நிமிர்த்தி நடந்துகொண்டே இருக்கிறான், அவனுக்குப் பின்னால் பேண்டு வாசிக்கிற அறுபது பேர் ஒரே சமயத்தில் காலை எடுத்து ஒரே சமயத்தில் வைக்கிறார்கள், மைதானத்தைச் சுற்றியிருக்கிற சனமெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு அந்தக் கோலையே பார்க்க, பூங்காவனம் மட்டும், விழட்டும், கை தவறிப் புல்லில் விழட்டும், இத்தனை பேர் முன்னால் அவன் குனிந்து பொறுக்கட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். விழவில்லை. அவன் இடது கையை நீட்டினான், பழக்கிய கிளி மாதிரி அது வந்து கையில் உட்கார்ந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது, பக்கத்தில் மகள் ஊர்மிளா இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள், அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மாசிலாமணி, கோட்டில் குத்தியிருந்த பதக்கங்கள் கிலுங்கக் குனிந்து, பாத்தியாம்மா, இதுக்கு எத்தினி வருசம் பழகணும் தெரியுமா, என்றார். மாசிலாமணி அவளுடைய செத்துப்போன புருசனின் அண்ணன், சுபேதாராக ஓய்வுபெற்றவர், ஊர்மிளாவுக்குப் பெரியப்பா, பூங்காவனம் பதினாறு வருசமாக மாமா மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்டு வயிறு நிறைய வெறுத்துவந்த ஆள்.

மூணு நாள் ஊட்டிக்குப் போய்வரலாம், புள்ளைக்கும் காலேஜ் பரீட்சை முடிஞ்சிடுச்சு, நீயும் அந்தச் சத்துணவுக் கூடத்தை வுட்டு எங்க போயிருக்கே என்று அவர் அரக்கோணத்துக்கு வந்து கூப்பிட்டபோதே அவளுக்குச் சந்தேகம், ஏனென்றால் மாசிலாமணி எதையும் சும்மா செய்கிறவர் இல்லை. முதல் நாள் பூங்கா, இரண்டாம் நாள் படகு, மூன்றாம் நாள் காலையில் அவர் பெண்டாட்டி முட்டிவலி என்று லாட்ஜிலேயே படுத்துக்கொள்ள, அவர் சட்டைப்பையிலிருந்து மூன்று பாஸ்களை எடுத்து மேசைமேல் வைத்தார், மிலிட்டரி பேண்டு, குதிரைச் சாகசம், வாள் விளையாட்டு, வெவ்வேறு ரெஜிமெண்டுகளிலிருந்து ஆள் வந்திருக்கிறார்கள், பெரிய பெரிய ஆபீசருங்க வருவாங்க, ஊர்மி பாக்க வேணாமா என்றார். ஊர்மிளா துள்ளினாள். அவள் கைப்பையில் ஆபீசர் தேர்வுக்கு நிரப்பி வைத்த விண்ணப்பம் நாலாக மடித்துக் கிடப்பதும், அதை நிரப்பிக் கொடுத்தது யார் என்பதும் அப்போதுதான் பூங்காவனத்துக்கு விளங்கியது. தம்பியைக் கொண்டுபோனார், இப்போது தம்பி பெண்ணைக் கொண்டுபோகப் பார்க்கிறார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தால் ஏன் என்று கேட்பாள், ஏன் என்று சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை, இருந்த வார்த்தையைத்தான் ஊர்மிளா சின்னக் குழந்தையாக இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவளும் மாசிலாமணியுமாகச் சேர்ந்து விழுங்கிவிட்டார்களே.

சிமெண்டுப் படி பனிக்கட்டி மாதிரி சில்லிட்டிருந்தது, முன்வரிசையில் ஒரு குடும்பம் வேர்க்கடலையை உரித்து உரித்துத் தோலை அவள் காலடியில் போட்டது, மைதானத்தில் குதிரைகள் வந்தன, ஒரு குதிரை சுண்ணாம்புக் கோட்டின்மேலேயே சாணியைப் போட்டது, அன்றைக்கு அவளுக்குப் பிடித்த ஒரே காரியம் அதுதான். பிறகு பை வாத்தியக்காரர்கள், தோல்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கன்னம் உப்ப ஊதுகிறார்கள், காது கிழிகிற அந்த ஓலத்தைக் கேட்டதும் அவளுக்குப் புருசன் ஏகாம்பரத்தின் சிரிப்பு ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் லீவுக்கு வந்தவர், எங்க பேண்டுல ஒருத்தன் ஊதுவான் பாரு, ஆட்டுக்குட்டிக்குப் பல்லு புடுங்குறாப்பல இருக்கும், என்று சொல்லி, தலையணையை அக்குளில் இடுக்கி, கன்னத்தை உப்பி, அந்தச் சின்ன அறைக்குள் நடந்து நடந்து காட்டுகிறார், அவள் வெளியே மாமியார் இருக்கிறாரே என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிக்கிறாள், தலையணை ஓரத்தில் பிரிந்து பஞ்சு கொட்டுகிறது. பட்டாளத்துக்கு ஏற்ற ஆளா அவர். குழந்தை பிறந்த பிறகு அதன் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவார், ஊர்மிளா என்று வடக்கே எங்கோ கேட்ட பெயரை ஆசையாகக் கொண்டுவந்து வைத்தார். அண்ணன்தான் ஆள் எடுக்கிற மைதானத்துக்கு இழுத்துப்போனது, எடை ஒன்றரைக் கிலோ குறைகிறது என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் ஒரு குடம் தண்ணீரையும் வயிற்றுக்குள் இறக்கி, வாந்தி வந்துடும்ணா என்றவனை முதுகில் தட்டி, முழுங்குடா, முழுங்கிட்டுத் தராசுல ஏறு என்று ஏற்றிவிட்டதும் அண்ணன்தான். அதே பட்டாளத்தில் அதே கம்பெனியில் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார், நான் இருக்கேன் இல்ல, உனக்கின்னா என்றார்.

ஊர்மிளாவுக்கு அஞ்சு வயசில் காய்ச்சல் வந்தது, கழுத்து விறைத்து, கண் மேலே சொருகி, மூளைக்காய்ச்சல் என்று டாக்டர் சொன்னதும் பூங்காவனம் தபாலாபீசுக்கு ஓடித் தந்தி கொடுத்தாள், உடனே வரவும். வராண்டாவில் நின்றுகொண்டு ஆஸ்பத்திரி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், பச்சைச் சட்டை தெரிந்தபோதெல்லாம் எழுந்து எழுந்து உட்காருகிறாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு பச்சைச் சட்டை வருகிறது, நடையைப் பார்த்தால் அவர் நடை மாதிரியேதான் இருக்கிறது, கிட்டே வந்தால் மாசிலாமணி. கையில் திராட்சைப் பொட்டலம். தம்பிக்கு லீவு கெடைக்கலம்மா, பனி கொட்டுது, ஆளு பத்தல, அதான் நான் வந்தேன், என்றார். அன்றைக்கு அவள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள், அந்தக் கும்பிடுதான் இன்றைக்கும் அவள் கையில் அரிக்கிறது. அந்த வியாழக்கிழமை அவர் கட்டியிருந்த புது வீட்டுக்குப் புகுவிழா என்பது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் அவள் மூளை இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. பாதி நேரம் குழந்தை பக்கத்திலும் பாதி நேரம் பந்தல் வேலையிலுமாக அவர் அலைந்தார், பொய் சொல்லக்கூடாது, பழத்தைப் பிழிந்து பஞ்சில் நனைத்து ஊர்மிளாவின் உதட்டில் வைத்தது அவர்தான். செவ்வாய்க்கிழமை விடியும்போது காய்ச்சல் இறங்கியது. வெள்ளிக்கிழமை, புது வீட்டு வாசலில் கட்டிய வாழைமரம் வாடாமல் இருக்கும்போதே தந்தி வந்தது, ஏகாம்பரம் வியாழக்கிழமை தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார் என்று.

அவள் புகுந்த ஊர் பட்டாளத்து ஊர், தெருவுக்குப் பத்துப் பேர் மிலிட்டரிக்காரர்கள், சண்டையில் செத்தவன் வந்தால் கொடி போர்த்தி, துப்பாக்கி வெடித்து, பியூகிள் ஊதி, சின்னக் குழந்தைகூட விறைப்பாக நிற்கும். ஏகாம்பரம் வந்தபோது கொடி இல்லை, ஊதல் இல்லை, தமிழ் தெரியாத இரண்டு சிப்பாய்கள் லாரியிலிருந்து பெட்டியை இறக்கிவைத்து, ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் போனார்கள். தெரு கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு பார்த்தது. குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில். அடக்கம் முடிந்த மறுநாள் வார்டு வராண்டாவில் மாசிலாமணி, புள்ளைகிட்ட வண்டி ஆக்சிடெண்ட்டுன்னு சொல்லிடுவோம்மா, வளர்ற புள்ள, என்றார், அவள் தலையாட்டினாள், இருவரும் ஒத்துப்போன ஒரே காரியம் அது. பதினோராம் நாள் அந்தக் கடுதாசி வந்தது, இன்லண்டில் நுணுக்கி நுணுக்கி எழுதியது, எழுதியவர் போய்ச் சேர்ந்த பிறகு வந்து சேர்ந்தது, அதைப் படித்துவிட்டு அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரக்கோணத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவள்தான், அந்தத் தெருவை மறுபடி மிதிக்கவில்லை, கடுதாசியை யாரிடமும் காட்டவுமில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் மாசிலாமணி துணியெடுத்துக்கொண்டு வருவார், அவள் காப்பி போட்டுக் கொடுப்பாள், டம்ளரை வைக்கும்போது சத்தம் வருகிற மாதிரி வைப்பாள், அவர் அதைக் கேட்காத மாதிரி குடிப்பார்.

மைதானத்தில் சத்தமெல்லாம் அடங்கிப்போயிருந்தது. இப்போது ஒரே ஒரு ஆள், நடுவில் தனியாக, கையில் பியூகிள், ஒலிபெருக்கிக்காரன் இந்தியில் சொல்லி, இங்கிலீஷில் சொல்லி, கடைசியில் தமிழில், தாய்நாட்டுக்காகத் தம் உயிரைத் தந்த வீரர்களின் நினைவாக, என்றான். அந்த ஊதல் எழுந்தது, நீளமாக, நடுவில் உடைந்து, மறுபடி எழுந்து, கடலை தின்றுகொண்டிருந்த குடும்பம்கூட நிறுத்தியது, பூங்காவனம் பல்லைக் கடித்துக்கொண்டு எதிரே சரிவில் இருந்த தேயிலைச் செடிகளை எண்ணினாள், ஒன்று, இரண்டு, ஏழு, எட்டு, எண்ணிக்கை தவறித் தவறி. ஊர்மிளாவின் கண் கலங்கியிருந்தது. அவள் பெரியப்பாவின் பக்கம் சாய்ந்து, அப்பாவுக்கும் இப்டித்தான் வாசிச்சிருப்பாங்க இல்ல பெரியப்பா, என்று கேட்டாள். மாசிலாமணி ஒரு கணம்கூட யோசிக்காமல், வாசிச்சாங்கம்மா, நீ ஆஸ்பத்திரியில இருந்தே, ஊரே நின்னுச்சு, என்றார்.

இல்ல, என்றாள் பூங்காவனம்.

எந்த யோசனையும் இல்லாமல் வந்துவிட்டது. வண்டி விபத்துக்குத்தான் அவள் தலையாட்டினாள், ஊதலுக்குத் தலையாட்டவில்லை, கதவை ஒருக்களித்துப் பார்த்த ஊரை நிற்கவைக்க இந்த மனுசனுக்கு யார் உரிமை கொடுத்தது. இன்னாம்மா இல்லே, என்றாள் ஊர்மிளா. யாரும் வாசிக்கல, கொடியும் போத்தல, உங்கப்பா வண்டியில அடிபட்டுச் சாவல, தானா செத்தாரு, நீ சாகக் கிடக்கறேன்னு நான் குடுத்த தந்தி கையில இருக்க, வர முடியாம செத்தாரு. பூங்காவனம், என்றார் மாசிலாமணி, இத்தனை வருசத்தில் அவர் அவள் பெயரைச் சொன்னது அப்போதுதான், புள்ள எதிர்ல இன்னா பேச்சு. எது பேச்சு மாமா, ஒருத்தருக்குத்தான் லீவுன்னு சொன்னாங்களே, அந்த ஒருத்தர் யாருன்னு சொல்லுங்க அவகிட்ட, பெத்தவனா, புது வூட்டுக்குப் பந்தக்கால் நட்டவரா. கடலைக் குடும்பம் திரும்பிப் பார்த்தது, ஒருத்தி உஸ்ஸென்றாள், பூங்காவனம் அவளையும் முறைத்தாள். ஊர்மிளா அம்மாவைப் பார்க்கவில்லை, பெரியப்பாவின் முகத்தை மட்டும் பார்த்தாள், நெசமா பெரியப்பா, அப்பாவோட லீவுலயா நீங்க வந்தீங்க, என்று கேட்டாள்.

அப்போது தேசியகீதம் தொடங்கிவிட்டது. எல்லா பேண்டும் ஒன்றாகச் சேர்ந்து வாசிக்க, கூட்டம் முழுக்க எழுந்தது, மாசிலாமணியின் உடம்பு அவரைக் கேட்காமலேயே எழுந்து விறைத்தது, குதிகால் ஒட்டியது, கை தொடையோடு இறுகியது, முகவாய் உயர்ந்தது. பதில் சொல்ல முடியாது. ஊர்மிளாவும் எழுந்தாள், ஆனால் கொடியைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், பூங்காவனமும் எழுந்து நின்றாள், ஐம்பத்திரண்டு நொடி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள், அவள் தினமும் பிள்ளைகளோடு நின்று கேட்கிற பாட்டுதான், இவ்வளவு நீளம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் நெற்றிப்பொட்டில் நரம்பு புடைத்துத் துடித்தது. ஓடிவிட வழியில்லாமல், திரும்பிக்கொள்ள வழியில்லாமல், தம்பி மகளின் கண்ணுக்கு நேரே அவர் நிற்கத்தான் வேண்டியிருந்தது, பூங்காவனத்துக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது, நில்லு, நல்லா நில்லு, இதைவிடவும் நீளமாக ஒரு பாட்டு இருக்கக்கூடாதா. பாட்டு முடிந்து சனம் கைதட்டிச் செருப்பைத் தேட ஆரம்பித்த பிறகும் அவர் அப்படியே நின்றார். பிறகு சொன்னார், ஆமாம்மா, ரெண்டு பேருக்கும் சேத்து ஒருத்தருக்குத்தான் லீவுன்னாங்க, கம்பெனி ஆபீசுல நான் இருந்தேன், பேரு எழுதுனது நான்தான், எம் பேர எழுதுனேன்.

ஊர்மிளா கத்துவாள், அவரை ஏதாவது கேட்பாள் என்று பூங்காவனம் காத்திருந்தாள், பதினாறு வருசமாக மனசுக்குள் நடத்திப் பார்த்த இடம் அது. ஊர்மிளா அவளிடம்தான் திரும்பினாள். அவரு மறைச்சாரு, சரி, நீ ஏம்மா மறைச்சே, வருசா வருசம் அப்பா நெனப்பு நாளுக்கு, வண்டிய ஓட்டுனவன் மேல கோவம் வச்சிக்கினு சாமி கும்பிட்டேனே, இல்லாத ஒருத்தன் மேல, நீ பக்கத்துல நின்னு கற்பூரம் ஏத்தினியே. உனக்குத் தாங்காதுன்னுதாண்டி, என்றாள் பூங்காவனம். தாங்குமா தாங்காதான்னு என்னைக் கேட்டியா, என்றாள் ஊர்மிளா, நான் சேரத்தான் போறேன், நீங்க ரெண்டு பேரும் வேணும்ன்னாலும் வேணாம்ன்னாலும், என்று சொல்லிக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

சிமெண்டுப் படியில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள், நடுவில் ஊர்மிளா உட்கார்ந்திருந்த இடம் காலியாக. மாசிலாமணி மெல்ல உட்கார்ந்தார். உனக்கு எப்படித் தெரியும், என்றார். கடுதாசி எழுதியிருந்தாரு, என்றாள். இன்னா எழுதியிருந்தான். அவள் காட்டாமல் வைத்திருந்ததே அதற்காகத்தான், அதில் ஒரு வரிகூட அண்ணனைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் அன்றைக்கே தெருவில் வைத்துப் படித்துக் காட்டியிருப்பாள். இப்போது, திட்டாததுதான் நன்றாக அறுக்கும் என்று தோன்றியது, தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டு, மனப்பாடமாக இருந்ததை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். ஒருத்தருக்குத்தான் லீவு என்றார்கள், அண்ணன் வருகிறார், நான் வந்தால் என்ன அவர் வந்தால் என்ன, அவர் இருக்கும்போது நீ பயப்படாதே, எனக்குத்தான் இங்கே பகலெல்லாம் குழந்தை அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, காதைப் பொத்தினாலும் கேட்கிறது, காய்ச்சல் இறங்கியதும் ஒரே ஒரு வார்த்தை தந்தி கொடுக்கச் சொல்லி அண்ணன் கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறேன், அது வந்துவிட்டால் நான் தூங்கிவிடுவேன். சொல்லி முடித்துவிட்டு, நீங்க அனுப்புன தந்தி போய்ச் சேர்றதுக்குள்ள போயிட்டாரு, என்றாள்.

கீழே சிப்பாய்கள் கயிற்றைச் சுருட்டினார்கள், ஒருவன் குதிரைச் சாணியை மண்வெட்டியால் அள்ளினான். அனுப்பல, என்றார் மாசிலாமணி. அவளுக்குக் காதில் சரியாக விழவில்லை. இன்னா. தந்தி அனுப்பல, செவ்வாக்கெழமை தபாலாபீசுக்குன்னுதான் கெளம்புனேன், பந்தக்காரன் வழியில மடக்கிட்டான், புதன்கெழமை ஐயரு, சாமான், ஜனம், நாளைக்குக் குடுத்துக்கலாம், நல்ல சேதிதானே, ஒரு நாள் முன்ன பின்ன இன்னான்னு நெனச்சேன், வியாழக்கெழமை ராத்திரி வரைக்கும் சட்டப்பையிலயே இருந்துச்சு, எழுதின தாளு. அவர் அவளைப் பார்க்கவில்லை, அவளும் அவரைப் பார்க்கவில்லை. செவ்வாய், புதன், வியாழன் என்று அவள் விரலை மடக்கினாள். பிள்ளை கண்விழித்து இட்லி கேட்ட நாட்கள் அவை, இங்கே அவள் சிரித்துக்கொண்டு ஊட்டிக்கொண்டிருக்க, அங்கே பனிக்குள் ஒருத்தர் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். இதுவரைக்கும் அவள் வெறுத்தது ஒரு சுயநலத்தை, அதற்கு ஓர் அளவு இருந்தது, அதைத் தூக்கிச் சுமக்க அவளுக்கு இடுப்பு பழகியிருந்தது. இதை எங்கே பிடித்துத் தூக்குவது. வியாழக்கிழமை புது வீட்டில் பால் பொங்கியபோது யாரோ ஆஸ்பத்திரிக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்ததும், அவள் அதைக் குடித்ததும் ஞாபகம் வந்தது. யாருகிட்டயும் சொன்னதில்ல, எம் பொண்டாட்டிகிட்டகூட, என்றார் மாசிலாமணி, ஊர்மிக்கு மட்டும் இது வேணாம் பூங்காவனம், உன் காலுல வேணா வுழறேன்.

படியேறி வரும் சத்தம் கேட்டது. ஊர்மிளா. அழுது முகம் கழுவியிருந்தாள், முன்நெற்றி மயிர் நனைந்து ஒட்டியிருந்தது, இரண்டு படி கீழேயே நின்றுகொண்டாள். வண்டி நிக்குது, டிரைவர் கத்தறான், வர்றீங்களா ரெண்டு பேரும், என்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்த்தாள், இன்னும் எதாவது இருக்கா, எனக்குத் தெரியாதது, என்று கேட்டாள். மாசிலாமணியின் கை பூங்காவனத்தின் பக்கம் சிமெண்டின்மேல் கொஞ்சம் நகர்ந்தது, நகர்ந்து நின்றது, வார்டு வராண்டாவில் நின்ற அதே நிற்பு, இப்போதும் அவள் ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும்.

இருக்கு, என்றாள் பூங்காவனம், உங்க பெரியப்பாவே சொல்லுவாரு.

சொல்லிவிட்டு அவள் எழுந்திருக்கவில்லை, அவர் சொல்லும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கப் போகிறவள் மாதிரி புடவையை முழங்காலுக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டாள். டிரைவர் கீழேயிருந்து ஹாரன் அடித்தான். மாசிலாமணி ஊர்மிளாவின் பக்கம் திரும்பினார், செவ்வாக்கெழமையே எறங்கிடுச்சும்மா, உனக்குக் காச்சல்.